எரிக்க வேண்டாம் அக்கா, அது திணிப்பஞ்சல்

போன மாதம் சுங்கை சிப்புட்டில் ஒரு மண்டபத்தில் பெரியவர்களுக்குக் கைப்பேசி, மின்னஞ்சல் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு நடந்தது. நான் உதவிக்குப் போயிருந்தேன். கேட்காமலே மொத்தமாக வந்து குவியும் அஞ்சலை ஆங்கிலத்தில் ஸ்பேம் என்பார்கள். வகுப்பெடுத்த தம்பி அதற்குத் தமிழாக வெண்பலகையில் 'எரிதம்' என்று எழுதி, கீழே கோடும் போட்டார். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் கையைத் தூக்கினார்.

"தம்பி, அதை நாமதான் எரிக்கணுமா, இல்ல அதுவா எரிஞ்சிடுமா?"

மண்டபமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. பேரனுக்கு ஒரு கல்லூரியிலிருந்து வர வேண்டிய நேர்காணல் கடிதத்துக்காக மூன்று வாரமாகக் காத்திருக்கிறாராம். அவர் முகவரியைத்தான் கொடுத்திருக்கிறார்கள். கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். கடிதம் என்றைக்கோ வந்து அந்த 'எரிதத்துக்குள்' உட்கார்ந்திருந்தது.

இந்தச் சொல்லை இத்தனை வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டு வந்தேன். அன்றைக்குப் பொறுமை போய்விட்டது.

முதலில் மூலச்சொல். ஸ்பேம் என்பது தகரத்தில் அடைத்த பன்றி இறைச்சி. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஹார்மெல் நிறுவனம் 1937இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் சூட்டப் போட்டி வைத்து, வென்றவருக்கு 100 டாலர் கொடுத்தார்கள். (நம் ஊர்ப் பேரங்காடிகளில் ஹலால் அல்லாத பொருள்களுக்கென்று தடுத்து வைத்திருக்கும் மூலையில் இந்த வகைத் தகரங்களைப் பார்த்திருப்பீர்கள்.) 1970இல் பிரிட்டனின் மாண்டி பைத்தான் குழு தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைக் காட்சி போட்டது. சாப்பாட்டுக் கடையில் எந்தப் பலகாரத்தைக் கேட்டாலும் அதில் ஸ்பேம் இருக்கும். வேண்டாம் என்று சொல்லக்கூட விடாமல் ஒரு கூட்டம் அந்தப் பெயரையே பாடிக்கொண்டிருக்கும். கணினி வலைகளில் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பக் கொட்டி அடுத்தவர் பேச்சை அமுக்குகிறவர்களுக்கு இந்தக் காட்சியிலிருந்து பெயர் வந்தது. 1994இல் அமெரிக்க வழக்கறிஞர்கள் இருவர் 'பச்சை அட்டை' (கிரீன் கார்டு) வாங்கித் தருவதாக யூஸ்நெட் என்ற கணினி உரையாடல் வலையின் ஆயிரக்கணக்கான குழுக்களில் விளம்பரம் போட்டதும் சொல் ஊரறிந்ததாயிற்று. காரியம் பெயரைவிட மூத்தது. 1978 மே மாதத்திலேயே ஒரு கணினி நிறுவன விற்பனையாளர், இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவ்வளவுதான் கதை. இதில் எங்கேயாவது நெருப்பு இருக்கிறதா? குப்பை இருக்கிறதா? கேட்காதவன் தட்டில் அள்ளி அள்ளி வைத்தது மட்டும்தான் இருக்கிறது.

சரி, எரிதத்துக்கு வருகிறேன். எரி என்ற வினையிலிருந்து எரிப்பு வரும், எரிச்சல் வரும், எரிவு வரும். எரிதம் எப்படி வரும்? காதில் விழுந்தவுடன் கணிதம், விகிதம் என்ற வடசொல் வரிசைதான் நினைவுக்கு வருகிறது. தமிழ் வேரை எடுத்து வடமொழிச் சட்டை மாட்டிவிட்டுத் தூய தமிழ் என்று நடத்துகிறார்கள். எரிச்சல் ஊட்டுவதால் எரிதம் என்று வைத்துக்கொண்டாலும் அது படிக்கிறவனின் மனநிலைக்குப் பெயர், பொருளுக்குப் பெயர் இல்லை. எனக்கு எரிச்சல் ஊட்டும் அஞ்சல்களில் முதலிடம் கடன் அட்டைக் கட்டண அறிக்கைக்கு. அது எரிதமா?

இன்னொரு வேடிக்கை. நம் பக்கத்துப் பேச்சில் ரகரமும் றகரமும் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் வகுப்பில் பாதிப் பேர் 'எறிதம்' என்று எழுதிக்கொண்டார்கள். வீட்டு வாசலில் வீசி எறிந்துவிட்டுப் போன கடிதம் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். எழுத்துப்பிழை செய்தவர்கள் சொல்லாக்கியவர்களைவிட மூலத்துக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள்.

ஸ்பேம் என்றே எழுதினால் என்ன என்பார்கள். எழுதலாம், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் மெய்யெழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. அக்கா வாயில் அது 'இஸ்பேம்' ஆகிறது, பொருள் மட்டும் தகரத்துக்குள்ளேயே இருக்கிறது.

என் உண்மையான சண்டை 'குப்பை அஞ்சல்' என்பவர்களோடு. எரிதம் புரியாத சொல், அதனால் ஆபத்து குறைவு. குப்பை எல்லாருக்கும் புரிகிறது, தப்பாகப் புரிகிறது.

ஏன் இவ்வளவு கோபம் என்றால், நான் ஒரு காலத்தில் கடையின் அந்தப் பக்கம் நின்றவன். 2003 வாக்கில் நானும் ஒரு நண்பரும் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் படித்தவர்களுக்காக இலவச மின்னஞ்சல் சேவை நடத்தினோம். வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு சர்வர். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் கணக்கு ரெடி, ஒரு காசு வாங்கவில்லை. ஹாட்மெயில் 1996இல் அப்படித்தானே ஆரம்பித்தது, நாமும் செய்வோமே என்ற துணிச்சல். சில மாதம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் ராத்திரி நாற்பது கணக்கு புதிதாகத் திறந்திருந்தது. பெயர்களெல்லாம் ஒரே அச்சு, கடைசி எண் மட்டும் வேறு. விடிவதற்குள் எங்கள் சர்வர் வழியாக மாத்திரை விளம்பரம் ஊர் உலகத்துக்கெல்லாம் போயிருந்தது. காலையில் ஒரு ஆசிரியை தன் அண்ணனுக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்தது. அப்புறம் எல்லாருடைய கடிதமும் திரும்பி வந்தது. எங்கள் முகவரியைத் தடைப் பட்டியலில் போட்டுவிட்டார்கள். தப்புச் செய்தவன் ஒருவன், வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் அத்தனை பேரும்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இலவசச் சேவை நடத்துகிறவனுக்கு உள்ளே வரும் அஞ்சல் பாதித் தலைவலி. வெளியே போகும் அஞ்சல்தான் உயிர்போகும் தலைவலி. ஊருக்குக் கடிதம் போட்ட காலத்தில் அனுப்புகிறவன் தபால்தலை வாங்க வேண்டும். பத்து லட்சம் கடிதம் போட எவனிடம் காசு இருந்தது? மின்னஞ்சலில் அனுப்புகிறவனுக்குச் செலவு இல்லை. இடத்துக்கும் சர்வருக்கும் காசு கட்டுகிறவன் வேறு, நேரத்தைக் கட்டுகிறவன் வேறு. 1992இலேயே கணினி ஆய்வாளர்கள் சிந்தியா டுவோர்க்கும் மோனி நாவோரும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: ஒவ்வொரு கடிதத்துக்கும் அனுப்புகிறவரின் கணினி ஒரு கணக்கைப் போட்டுக் காட்டட்டும். ஒரு கடிதத்துக்கு அது ஒன்றுமே இல்லை, பத்து லட்சத்துக்கு முதுகு ஒடியும். தபால்தலையைக் கணக்காக மாற்றிய யோசனை. 1997இல் ஆதம் பேக் செய்த ஹாஷ்கேஷ் அதே வழிதான். மின்னஞ்சலில் அது ஊன்றவில்லை என்பது வேறு கதை.

நாங்கள் செய்தது எளிய வேலைகள். கணக்குத் திறக்கும்போது நெளிந்த எழுத்தைப் படித்து அடிக்கச் சொன்னோம். ஒரே இடத்திலிருந்து ஒரு நாளைக்கு மூன்று கணக்குக்கு மேல் கிடையாது. புதுக் கணக்குக்கு முதல் வாரம் நாளுக்கு இருபது கடிதம்தான். வெளியே போவதையும் வடிகட்டினோம். புகார் வரும் முகவரியைத் தினமும் காலையில் திறந்து பார்த்தோம். எல்லாமே அனுப்புகிறவனைப் பார்த்து வைத்த வேலிதான் என்பதைக் கவனியுங்கள். கடிதத்தில் என்ன இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான்.

பெரிய சேவைகளும் அப்படித்தான். 1982இல் மின்னஞ்சலுக்கு எழுதிய நெறிமுறையில் அனுப்புகிறவர் சொன்ன பெயரை அப்படியே நம்ப வேண்டியதுதான், சரிபார்க்க வழியில்லை. அனுப்புகிறவர் சொல்லும் முகவரி உண்மைதானா என்று சோதிக்கும் எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம். என்பவையெல்லாம் பின்னால் வைத்த பெரட்டு. விடியற்காலையில் மண்டோர் பேர் கூப்பிடும்போது பேர் கொடுத்த ஆள்தான் வந்து நிற்கிறானா, வேறு எவனாவது 'ஆஜர்' சொல்கிறானா என்று பார்ப்பது போல. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு நாளுக்கு 5000க்கு மேல் அனுப்புகிறவர்கள் இந்தப் பெரட்டில் நின்றே ஆக வேண்டும். விளம்பரக் கடிதத்திலிருந்து விலக ஒரே அழுத்தில் வழி வைக்க வேண்டும். ஸ்பேம் என்று புகார் வரும் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது.

அந்த 0.3ஐப் பிடித்துக்கொள்ளுங்கள், குப்பையின் தீமை அங்கேதான். ஆயிரத்துக்கு மூன்று பேர். ஜிமெயிலில் ஸ்பேம் என்று குறிக்கும் பொத்தானை அழுத்துவது கடிதத்தை ஒதுக்குவது மட்டுமல்ல, அனுப்பியவர்மேல் ஒரு புகார். ஆனால் நாம் அதற்குக் குப்பை என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம். கோயில் கமிட்டி அனுப்பும் திருவிழா அறிவிப்பைப் படித்து முடித்தவர் என்ன செய்வார்? படித்தாயிற்று, குப்பையில் போடு என்று அழுத்துவார். எங்கள் ஊர்ச் சங்கம் ஒன்றின் மாத அறிக்கைக்கு அதுதான் நடந்தது. விசாரித்துப் பார்த்தால் அழுத்திய மூன்று நான்கு பேரும் சங்கத்தின் விசுவாசமான உறுப்பினர்கள்! ஒருவர் செயலாளரின் சொந்த மாமா.

இதோடு குப்பைத் தொட்டி என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அழித்த கடிதங்கள் போகுமிடம். இப்போது குப்பை இரண்டு. எதற்குள் போய்த் தேடச் சொல்வது? இரண்டிலும் 30 நாளில் தானாக அழிந்துவிடும் என்பதால் தேடுகிறவருக்கு அவகாசமும் இல்லை. பேரனின் நேர்காணல் கடிதம் 'குப்பையில்' இருக்கிறது என்று அந்த அக்காவிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்லூரிக்காரன் தூக்கிப் போட்டுவிட்டான் என்றே நினைத்துவிட்டார்.

இன்னொன்று, குப்பை அஞ்சல் ஸ்பேமின் மொழிபெயர்ப்பே இல்லை. அது ஜங்க் என்ற வேறு ஆங்கிலச் சொல்லுக்குச் செய்தது. காகிதத் தபால் காலத்து விளம்பரத் துண்டுகளுக்கு வைத்த பெயர்.

'வேண்டா மடல்' என்று ஒரு கட்சி உண்டு. ஓசை அழகு. ஆனால் வேண்டும், வேண்டாம் என்பது என் மனசுக்குள் இருப்பது. 1998இல் தொடங்கிய, தடைப் பட்டியல் நடத்தும் ஸ்பேம்ஹவுஸ் அமைப்பு வரையறை சொல்லும்போது இரண்டே நிபந்தனைதான் வைக்கிறது: பெறுகிறவர் சம்மதம் தந்திருக்கக் கூடாது, மொத்தமாக அனுப்பியிருக்க வேண்டும். உள்ளடக்கம் பக்திப் பாட்டாக இருந்தாலும் சரி, பலான படமாக இருந்தாலும் சரி.

இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் தமிழ்ச்சொல் நம் வாயிலேயே இருக்கிறது: திணிப்பு. திணி என்றால் இடமில்லாத இடத்தில் அடைத்து நிரப்புவது. வேண்டாதவர்மேல் சுமத்துவதும் அதேதான். மூட்டையில் பஞ்சைத் திணிக்கலாம், பிள்ளை வாயில் சோற்றைத் திணிக்கலாம். இரண்டிலும் திணிக்கிறவன் ஒருவன் இருக்கிறான். திணிப்பஞ்சல், திணிப்பர், திணிப்பு வடிகட்டி என்று வினையும் ஆளும் கருவியும் தானாக வரிசையில் வந்து நிற்கின்றன. எரிதத்தை வைத்து ஒரு வினைமுற்று எழுதிப் பாருங்கள், பார்க்கலாம். 'அவன் எனக்கு எரிதித்தான்' என்பீர்களா?

திணிப்பில் தமிழ்நாட்டு அரசியல் வாடை அடிக்கிறது என்று வகுப்புத் தம்பி சொன்னார். அடிக்கட்டுமே. கேட்காததை நம்மேல் ஏற்றுவதற்கு அங்கே அந்தச் சொல் உரைத்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

வலுவான போட்டி வேறு இடத்திலிருந்து வந்தது. வகுப்பில் ஓய்வுபெற்ற கிராணியார் ஒருவர் இருந்தார். அவர் சொன்ன சொல் 'களை'. "ஐயா, லாலான் புல்லை யாரும் நடல. விட்டா தோட்டத்தையே மூடிடும். களையஞ்சல்னு வைங்களேன்" என்றார். அசந்துவிட்டேன். இளம் ரப்பருக்கு நடுவே மூடுபயிராக வேண்டுமென்றே விதைக்கும் கொடியே காய்கறிப் பாத்தியில் வந்தால் களை. ஒருவருக்கு வேண்டியது இன்னொருவருக்கு வேண்டாதது என்பது அதில் இருக்கிறது. ஆனாலும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. "நீங்களே சொல்லிட்டீங்க ஐயா, லாலானை யாரும் நடல. இதை ஒருத்தன் நட்டுட்டுப் போறான்" என்றேன். அவருக்கு அரை மனசுதான்.

மொழிபெயர்ப்பாளர்களையும் கொஞ்சம் கேட்டுவிடுகிறேன். ஒரு சேவையின் தமிழ் அறிவிப்பில் 'உங்கள் கணக்கு வன்கொடுமை காரணமாக முடக்கப்பட்டது' என்று பார்த்தேன். கணக்கு வைத்திருந்தவர் யாரையும் அடிக்கவில்லை, ஒரே நாளில் நிறைய அழைப்பிதழ் அனுப்பிவிட்டார், அவ்வளவுதான். அகராதியில் அப்யூஸ் என்பதற்கு முதலில் நின்ற சொல்லை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். முறைகேடு என்று எழுதியிருந்தால் அவர் மானம் போயிருக்காது. 1997இல் வந்த இணைய விதியொன்று புகாருக்கென்றே அப்யூஸ் என்ற பெயரில் ஓர் அஞ்சல்பெட்டி வைக்கச் சொல்கிறது. அதை 'முறைகேட்டுப் புகார்' என்றால் தோட்டத்து ஆயாவுக்கும் விளங்கும். திரும்பி வந்த கடிதத்துக்கு 'உங்கள் அஞ்சல் துள்ளியது' என்கிறார்கள், கன்றுக்குட்டியா அது? தப்பாகப் பிடிபட்ட நல்ல கடிதத்துக்குப் 'பொய் நேர்மறை'யாம். இதையெல்லாம் எழுதுகிறவர்கள் ஒரு தடவையாவது யாருக்காவது உரக்கப் படித்துக் காட்டுவார்களா என்று தெரியவில்லை.

அக்காவின் கடிதத்தை வெளியே எடுத்து, 'இது திணிப்பு அல்ல' என்று குறித்துக் கொடுத்தேன். நேர்காணலுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. தம்பி பலகையில் எரிதத்தை அழித்துவிட்டுத் திணிப்பஞ்சல் என்று எழுதினார். பின்வரிசையில் கிராணியார் தன் குறிப்பேட்டில் 'லாலான்' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்.