சண்டையே இல்லாத வீடு

குடும்பநல ஆலோசனைக்கு வரும் தம்பதிகளில், உரக்கச் சண்டை போடுபவர்களைக் கண்டு நான் கவலைப்படுவதில்லை. "எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை" என்று சொல்லிக்கொண்டு பிரிவைப் பற்றிப் பேச வருபவர்கள்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறார்கள்.

அப்படி வந்த ஒரு பெண்மணிக்கு ஐம்பத்தெட்டு வயது (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). "முடிவை இன்று எடுக்கவில்லை. பத்து வருடங்களுக்கு முன்பே எடுத்துவிட்டேன். மகள் படிப்பு முடியட்டும் என்று காத்திருந்தேன்" என்றார். பக்கத்தில் இருந்த கணவர் திகைத்துப் போனார். "ஒரு நாள்கூட இவள் குறை சொன்னதில்லையே!" குறை சொல்வதை நிறுத்திய நாளில்தான் அந்த முடிவு பிறந்திருந்தது என்பது அவருக்குப் புரியவில்லை.

மணவிலக்கு என்றாலே இளம் தம்பதிகள் என்றும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்றும் பேசுகிறோம். என்னிடம் வருபவர்களோ முப்பது வருடம் பொறுத்தவர்கள்! அமெரிக்காவில் 1990-இல் மணவிலக்குப் பெற்றவர்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 2010-இல் அது நான்கில் ஒருவராக உயர்ந்ததை சூசன் பிரவுன், ஐ-ஃபென் லின் என்ற சமூகவியலாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆயுள் நீண்டிருக்கிறது. அறுபதில் நிற்பவருக்கு இன்னும் இருபது, இருபத்தைந்து வருடங்கள் பாக்கி. பெண்களுக்குச் சொந்த வருமானமும் வந்துவிட்டது. பணம் எவ்வளவு பெரிய பூட்டு என்பதற்கு ஜப்பானைச் சொல்லலாம். மணவிலக்கின்போது, மணவாழ்வுக் காலத்துக்கான கணவரின் ஓய்வூதியப் பதிவில் பாதிவரை மனைவி பெறலாம் என்ற ஏற்பாடு அங்கே 2007 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்ற உளவியலாளர்கள் 14 ஆண்டுகள் தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடுமையாக மோதிக்கொண்டவர்கள் பிரிந்தால் சீக்கிரமே பிரிந்தார்கள். அன்றாடப் பேச்சில் சிரிப்போ, ஆர்வமோ, பரிவோ இல்லாதவர்கள் மெதுவாக, பல வருடங்கள் கழித்துப் பிரிந்தார்கள். நான் அன்றாடம் பார்ப்பதும் இதைத்தான். "நேற்று என்ன பேசினீர்கள்?" என்று கேட்பேன். மருந்துச் சீட்டு, குழாய் ரிப்பேர், மகன் வரும் தேதி என்று பட்டியல் வரும். அலுவலகக் குறிப்பேடு போல எல்லாம் இருக்கும், இருவரைத் தவிர.

இதனால் எல்லாத் திருமணங்களையும் ஒட்டவைத்தே தீரவேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அடியும் மிரட்டலும் உள்ள வீட்டில் சமரசம் பேசுவது என் வேலை அல்ல. அங்கே முதலில் பாதுகாப்பு, பிறகுதான் மற்றவை. "இந்த வயதில் இது தேவையா?" என்று கோபப்படும் வளர்ந்த பிள்ளைகளிடமும் ஒன்று கேட்பேன்: எந்த வயதில் சொல்லியிருந்தால் நீங்கள் கேட்டிருப்பீர்கள்?

அந்தத் தம்பதி மூன்றாம் முறை வந்தபோது, கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பத்து வருடத்துக்கு முன்பு நான் என்ன செய்தேன்?"

"என் அம்மா இறந்த வாரம். அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் உள்ளே வந்து, மின்கட்டண ரசீது எங்கே என்று கேட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்."

அவருக்கு அது நினைவிலேயே இல்லை. அடுத்த சந்திப்புக்கு அவர் மட்டும் வந்தார்.