கண்ணாடியின் மேல் நிற்கும் சுவர்

லண்டன் வீதிகளின் பழைய ஒளிப்படங்களைப் பார்த்த வாசகர் ஒருவர், விக்டோரியா காலக் கடைகளில் தரைத்தளம் முழுவதும் கண்ணாடியாக இருக்க, அதற்கு மேலுள்ள மூன்று மாடிச் செங்கற்சுவர் எதன்மீது நிற்கிறது என்று கேட்டிருந்தார். கண்ணாடி எந்தப் பாரத்தையும் தாங்குவதில்லை. மெல்லிய இரும்புத் தூண்களும், அவற்றின் தலையில் கிடத்தப்பட்ட ஓர் உத்திரமுமே சுவரைச் சுமக்கின்றன. மர உத்திரங்கள் முன்பே இருந்தவைதான். 1845-இல் பிரிட்டன் கண்ணாடி மீதான தீர்வையை நீக்கியபின் பெரிய கண்ணாடிகளின் விலை குறைந்தது. கடைக்காரர்கள் அகன்ற முகப்பை விரும்பினார்கள். மரம் செய்த வேலை மெல்ல மெல்ல இரும்புக்குப் போயிற்று.

அந்த இரும்பின் குணம்தான் இதில் சுவையான பகுதி. அது உருக்கி அச்சில் வார்த்த வார்ப்பிரும்பு; அதில் கரிமம் (கார்பன்) மிகுதி. உருக்கி வார்த்த உலோகம் ஆறும்போது அந்தக் கரிமம் மெல்லிய கிராஃபைட் செதில்களாக உள்ளே பிரிந்து தங்கிவிடும். பென்சிலில் இருக்கும் அதே கிராஃபைட்டுக்கு இழுவலிமை, அதாவது இழுப்பைத் தாங்கும் வலிமை, ஏறக்குறைய இல்லை என்பதால், ஒவ்வொரு செதிலும் இரும்புக்குள் முன்கூட்டியே போட்டுவைத்த ஒரு கீறலுக்குச் சமம். அமுக்கினால் கீறலின் இரு பக்கங்களும் நெருங்கிப் பாரத்தைக் கடத்திவிடும்; இழுத்தாலோ அதன் கூர்முனையில் விசை குவிந்து, ஒரு செதிலிலிருந்து அடுத்த செதிலுக்கு விரிசல் தாவும். சாக்பீஸை நெட்டாக நிறுத்தி அழுத்தினால் எளிதில் உடைவதில்லை, வளைத்தால் சட்டென்று ஒடிகிறது. வார்ப்பிரும்பும் அந்தச் சாதிதான். ஆகவே அமுக்கத்தை மட்டும் சந்திக்கும் தூணுக்கு அது மிகப் பொருத்தமானது. உத்திரத்தின் கதை வேறு: நடுவில் பாரம் ஏறும்போது அதன் மேற்பகுதி அமுங்க, கீழ்ப்பகுதி இழுபடுகிறது.

அப்படியானால் மேலும் கீழும் ஒரே அளவு இரும்பு வைப்பது வீண் அல்லவா? இந்தக் கேள்வியைச் சோதனையால் தீர்த்தவர் ஈட்டன் ஹாட்கின்சன். சால்ஃபோர்டில் அடகுக்கடை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த இவர், பொறியாளர் வில்லியம் ஃபேர்பேர்னின் மான்செஸ்டர் தொழிற்சாலையில் உத்திரங்களை வரிசையாக முறித்துப் பார்த்து, 1830-ஆம் ஆண்டளவில் முடிவை அறிவித்தார். வார்ப்பிரும்பின் அமுக்க வலிமை அதன் இழுவலிமையைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு. எனவே உத்திரத்தின் மேலும் கீழும் கிடையாக ஓடும் இரு பட்டைகளில், கீழ்ப்பட்டையும் மேற்பட்டையைப் போல ஆறு மடங்கு பரப்புடையதாக இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் தம் எல்லையைத் தொடும், இரும்பில் எதுவும் வீணாகாது. ஒரு பொருளின் குறையை அளந்து, அந்த அளவையே அதன் வடிவமாக்கிய இந்த எளிமையை நான் எத்தனை முறை படித்தாலும் வியக்கிறேன்.

இந்தச் சோதனைகள் ஒரு தனியார் ஆலையின் தயவில் நடந்தன என்பதையும் சொல்ல வேண்டும். செஸ்டர் நகரில் டீ ஆற்றின் மேலிருந்த வார்ப்பிரும்பு ரயில் பாலம் 1847 மே மாதம் முறிந்து ஐந்து பேர் இறந்த பிறகுதான், இரும்பின் வலிமையை ஆராய அரசு ஆணையம் அமைந்தது. அதன் உறுப்பினர்களில் ஹாட்கின்சனும் ஒருவர். ஆய்வுக்குப் பணம் விபத்துக்குப் பின்னரே கிடைக்கும் என்ற வழக்கம் இன்றும் மாறியதாக எனக்குத் தோன்றவில்லை.

இரும்பின் துணிச்சலை முழுமையாகக் காண கிளாஸ்கோவின் ஜமைக்கா தெருவுக்குப் போக வேண்டும். கார்ட்னர் என்ற மரச்சாமான் வணிகருக்காக 1855–56-இல் ஜான் பேர்ட் வடிவமைத்த நான்கு மாடிக் கடை அங்கே இருக்கிறது. இரும்பு வேலை ராபர்ட் மெக்கானெலுடையது. வீதியைப் பார்த்த முகப்பில் கனத்த சுவரே கிடையாது. ஒல்லியான வார்ப்பிரும்புத் தூண்களுக்கு நடுவே எங்கும் கண்ணாடி. வாசகர் கேட்ட செங்கற்கடைகளில் நிலைமை இவ்வளவு வெளிப்படையானதல்ல. அங்கே உத்திரம் கடையின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. பலகையைக் கழற்றினால்தான் அது வெளியே தெரியும்.