சைசன் ஈஸ்டும் வெடிக்கும் பாட்டிலும்

கோலாலம்பூர்க்காரர்களுக்கு சைசன் என்னும் பியர் மீது ஏன் இவ்வளவு ஆசை என்பது புரிகிறது. மற்ற பெரும்பாலான ஏல் வகைப் பியர்களுக்கு, நொதிக்கும்போது 20 டிகிரியைக் காக்க ஏர்கோனோ தனிக் குளிர்பெட்டியோ வேண்டும். பெல்ஜியத்தின் வலோனியா பண்ணைகளில் தோன்றிய சைசனின் ஈஸ்டுகள் 30 டிகிரியிலும் சளைக்காது. மிளகும் கிராம்பும் கலந்த வாசனையும் தரும். நொதித்தல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என்னிடம் எந்த ஈஸ்டை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது டயாஸ்டாட்டிகஸ் வகையா?

அதற்கு முன் ஒரு வார்த்தை. மலேசியாவில் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி மது தயாரிக்க உரிமம் வேண்டும். வீட்டுச் சமையலறைக்கும் இது பொருந்தும். உரிமம் உள்ளவர்களுக்கும், வீட்டில் காய்ச்ச அனுமதிக்கும் நாடுகளில் இருக்கும் நம்மவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

சாதாரண ஈஸ்ட், மால்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) எளிய சர்க்கரைகளைத் தின்றுவிட்டு டெக்ஸ்ட்ரின் என்னும் நீண்ட சங்கிலிகளைத் தொடாமல் விட்டுவிடும். டயாஸ்டாட்டிகஸிடம் எஸ்டிஏ1 என்ற மரபணு உண்டு. அதனால் சுரக்கும் குளுக்கோஅமைலேஸ் நொதி அந்தச் சங்கிலிகளையும் நறுக்கிவிடும். ஈஸ்ட் அதையும் தின்னும். சைசன் அவ்வளவு இனிப்பின்றி வறட்சியாக இருப்பதற்கு இது பெரிய காரணம். ஆனால் கடைசிக்கட்ட வேலை ஆமை வேகத்தில் நடக்கும். பியரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் (சர்க்கரை குறையக் குறைய எண் இறங்கும்) 1.006 காட்டுகிறது, சரி முடிந்தது என்று பாட்டிலில் அடைத்தால், உள்ளே அது 1.002 வரை இறங்கும். ஒவ்வொரு 0.001 இறக்கமும் பியரின் கன அளவில் ஏறக்குறைய பாதியளவு கரியமில வாயுவைச் சேர்க்கும். நுரைக்காகப் போட்ட சர்க்கரை ஏற்கெனவே இரண்டரை மடங்கு தந்திருக்கும். மேலும் இரண்டு மடங்கு சேர்ந்தால் சாதாரண பியர் பாட்டில் தாங்காது. கண்ணாடிச் சில்லு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உலர் ஈஸ்டில் பெல் சைசன், பிஇ-134 இரண்டும் டயாஸ்டாட்டிகஸ்தான். திரவ ஈஸ்டான வையீஸ்ட் 3711உம் அதே ரகம். வையீஸ்ட் 3724 வேறு விதத்தில் ஏமாற்றும்: 1.030 பக்கம் வந்ததும் நாள்கணக்கில் அசையாது. அது முடிவென்று அடைத்துவிடாதீர்கள். 32 டிகிரிக்கு மேல் வைத்துக் காத்திருந்தால் மறுபடி நகரும். வாயுவை மட்டும் வெளியே விடும் காற்றுப்பூட்டை எடுத்துவிட்டு அலுமினியத் தாளால் தளர்வாக மூடினால் உதவும் என்று பலர் சொல்கிறார்கள். வாயு அழுத்தம் அதற்குப் பிடிக்காதாம்.

புதியவர்களுக்கு நான் சொல்வது லால்ப்ரூ ஃபார்ம்ஹவுஸ் என்ற உலர் ஈஸ்ட். சைசன் வாசனை உண்டு, எஸ்டிஏ1 வேலை இல்லை. ஆனால் அதன் உச்சவரம்பு 30 டிகிரி. நொதித்தல் வேகமாக இருக்கும் நாட்களில் பியர் வாளிக்குள் அறையைவிடச் சில டிகிரி சூடு கூடும். எனவே ஈரத்துணியும் மின்விசிறியும் வேண்டும். உலர் பாக்கெட்டையே வாங்குங்கள். திரவ ஈஸ்ட் கூரியர் வேனின் வெயிலில் பாதி செத்து வந்து சேரும்.

டயாஸ்டாட்டிகஸ்தான் வேண்டும் என்றால் ஒரு வார இடைவெளியில் இருமுறை அளந்து, இரண்டும் 1.004க்குக் கீழே ஒரே எண்ணாக இருந்தால் மட்டும் அடையுங்கள். தடித்த ஷாம்பெயின் பாட்டிலே நல்லது. கூடவே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலையும் நிரப்பினால், அமுக்கிப் பார்த்தே அழுத்தம் தெரியும். கல்லாக இறுகினால் எல்லாவற்றையும் உடனே குளிரில் வைக்கலாம். அப்புறம், அந்த வாளியையும் ரப்பர் குழாயையும் சைசனுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். கீறலில் ஒளிந்திருக்கும் ஈஸ்ட், அடுத்து நீங்கள் காய்ச்சும் ஸ்டௌட் என்னும் கறுப்புப் பியரின் டெக்ஸ்ட்ரினையும் தின்னத் தொடங்கிவிடும்.