உருகாத ஐஸ்கிறீமும் உருகி உறைந்த ஐஸ்கிறீமும்

திருகோணமலையின் டச்பே கடற்கரையில் ஒரு மாலை, கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஓர் அம்மா என்னை மறித்தார். மகன் பாதியில் வைத்த கப் அவர் கையில் இருந்தது. "சேர், அரை மணித்தியாலமாச்சு. தண்ணியாகாம நுரை மாதிரி நிக்குது. மெழுகு கலக்கிறாங்களோ?"

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேலையில் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. மெழுகு இல்லை, பசை. லேபிளில் சேர்மானங்களை எண்ணால் குறிப்பார்கள். 412 என்றால் கொத்தவரை விதையின் பசை. 410 கரோப் மரத்தின் விதை. 407 சிவப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. இவை தண்ணீரைப் பிடித்துவைத்து, பனித்துகள் பெரிதாகாமல் தடுக்கின்றன. 471 என்பது கொழுப்பிலிருந்து எடுக்கும் சேர்மானம்; ஐஸ்கிறீமின் கொழுப்புத் துளிகளை ஒன்றோடொன்று ஒட்டச் செய்து, உள்ளே அடித்த காற்றை நுரையாக நிற்க வைக்கிறது. உருகினாலும் அந்த நுரை சட்டென்று குலையாது. பசைகளின் அளவும் பொதுவாக நூறு கிராமுக்கு அரைக் கிராம் அளவில்தான். நோன்பு காலத்தில் திருமலை வீடுகளில் காய்ச்சி ஆறவைக்கும் கடற்பாசி இருக்கிறதே, அதுவும் இதே குடும்பம்தான். எண் 406. அதில் இதைவிட அதிகப் பசை நம் வயிற்றுக்குப் போகிறது.

நிறங்கள் வேறு கதை. 102, 110 போன்ற சில சாயங்கள் இருந்தால், பிள்ளைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம் என்று லேபிளில் எச்சரிக்கை போட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல் சட்டம். நாக்கைச் செம்மஞ்சளாக்கும் ஐஸ்பழத்தை என் பிள்ளைகளுக்கு நான் வாங்கிக் கொடுப்பதில்லை.

ஆனால் என்னை உண்மையில் உறுத்துவது எண்களே இல்லை, கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் போனது நினைவிருக்கும். இப்போதும் இரவில் ஃப்ரீசரை அணைத்துவைக்கும் கடைகளைப் பார்க்கிறேன். உருகிய பால் பண்டத்தில் கிருமி பெருகும். திரும்ப உறைய வைத்தால் அது சாகாது, சும்மா தூங்கும். சில கிருமிகள் விட்டுப்போன நஞ்சும் அப்படியே இருக்கும். நல்ல பசை போட்ட ஐஸ்கிறீமில் நறநறப்பு குறைவு என்பதால் உருகி உறைந்தது சில வேளை நாக்குக்குப் பிடிபடாது. அதனால் கண்ணால் பாருங்கள். மூடிக்குக் கீழே தடித்த பனி, ஓரத்தில் வழிந்து காய்ந்த பிசுக்கு, பாதியாக அமுங்கிய மட்டம். இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். ஃப்ரீசர் மைனஸ் 18 பாகை செல்சியஸில் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்கவும் தயங்க வேண்டாம். ஐஸ்கிறீம் அள்ளும் கரண்டி ஊறும் தண்ணீர் கலங்கியிருந்தாலும் விலகிவிடுங்கள்.

சரி என்று அந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு கடையின் ஃப்ரீசரைத் திறந்தேன். அடியில் கிடந்த இரண்டு டப்பாக்களின் மூடியை அவரே தூக்கிப் பார்த்தார். உள்ளே விரல் மொத்தத்துக்குப் பனி. கடைக்காரத் தம்பி ஒன்றும் பேசாமல் இரண்டையும் வெளியே எடுத்து வைத்தார்.