நோய் எதனால வந்துச்சுன்னு யாரு நிரூபிக்கணும்? அமெரிக்க முன்னாள் ராணுவத்தினருக்கான விஷப் பாதிப்பு இழப்பீடு

அமெரிக்காவுல ராணுவத்துல இருந்தவருக்கு அந்த வேலையால உடம்பு கெட்டுச்சுன்னா மாசாமாசம் இழப்பீடு உண்டு, வரி கிடையாது. முன்னாள் ராணுவத்தினர் துறைதான் கொடுக்குது, அங்க எல்லாரும் வி.ஏ.ன்னு சொல்வாங்க. பாதிப்பு எவ்வளவுன்னு பாத்து 100 சதவீதம் வரைக்கும் ரேட்டிங் போடுவாங்க, அதுக்கேத்த பணம். ஆனா மூணு விஷயம் காட்டணும்: இப்ப நோய் இருக்கு, சர்வீஸ்ல இருக்கும்போது ஒண்ணு நடந்துச்சு, அதனாலதான் இது வந்துச்சு. கால்ல குண்டு பட்டவருக்கு இது ஈசி. 20 வருஷம் கழிச்சு கேன்சர் வந்தவரு அந்த மூணாவதுக்கு எங்க போவாரு? அவரு சுவாசிச்ச காத்துல என்ன இருந்துச்சுன்னு அன்னைக்கு யாரும் எழுதி வைக்கலயே.

வியட்நாம்ல 1962ல இருந்து 1971 வரைக்கும் காட்டு மேல விமானத்துல இருந்து களைக்கொல்லி தெளிச்சாங்க, ட்ரம்ல ஆரஞ்சு பட்டை போட்டிருந்ததால ஏஜென்ட் ஆரஞ்சுன்னு பேரு, அதுக்குள்ள டயாக்சின்னு ஒரு விஷம் கலந்திருந்துச்சு. ஆத்தங்கரையில ஒளிஞ்சிருந்து சுடுறவங்களால படகுல போற பசங்க சாகுறாங்கன்னு கரையெல்லாம் தெளிக்கச் சொன்னவரு அட்மிரல் எல்மோ சும்வால்ட். அதே ஆத்துல படகு ஓட்டுனதுல அவரோட சொந்த மகனும் ஒருத்தர், 1988ல 42 வயசுல கேன்சர்ல போயிட்டாரு. அப்புறம் அந்த அப்பாவே இழப்பீடு கொடுங்கன்னு அரசாங்கத்துக்கிட்ட வாதாடுனாரு, இதப் படிக்கும்போது எனக்கு மனசே ஆறல.

பெரிய திருப்பம் 1991ல வந்த ஏஜென்ட் ஆரஞ்சு சட்டம். நீ வியட்நாம்ல இருந்தியா, லிஸ்ட்ல உள்ள நோய் உனக்கு இருக்கா, அப்ப அதனாலதான்னு நாங்களே எடுத்துக்கிறோம்னு சட்டம் சொல்லிருச்சு, இதுக்குப் பேரு பிரிசம்ப்ஷன், அதாவது முன்கூட்டியே ஒத்துக்கிறது. லிஸ்ட் மெதுவா நீண்டுச்சு: 2001ல டைப் 2 சுகர், 2010ல இதய ரத்தக்குழாய் அடைப்பும் பார்கின்சனும், 2021ல சிறுநீர்ப்பை கேன்சர்.

ஆனா 2002ல வி.ஏ. ஒரு கோடு போட்டுச்சு, மண்ணுல கால் வெச்சவனுக்குத்தான் இதெல்லாம்னு. கப்பல்ல இருந்தவங்க கடல் தண்ணியக் காய்ச்சி வடிச்சுக் குடிச்சவங்க, அப்படி வடிக்கும்போது டயாக்சின் போறதில்ல, இன்னும் அதிகமா சேருதுன்னு ஆஸ்திரேலியாவுல ஆய்வே பண்ணிக் காட்டியிருந்தாங்க, அப்படியும் 17 வருஷம் இழுத்தாங்க. 2019 ஜனவரியில கோர்ட் தீர்ப்பு வந்து, அதே வருஷம் சட்டமும் வந்துதான் கடற்படைக்காரங்களுக்கு வழி பொறந்துச்சு.

அதுக்குள்ள அடுத்த தலைமுறை வந்தாச்சு. ஈராக், ஆப்கானிஸ்தான் முகாம்கள்ல பெரிய பள்ளம் தோண்டி பிளாஸ்டிக், டயர், பேட்டரி, ஆஸ்பத்திரிக் கழிவுன்னு எல்லாத்தையும் போட்டு விமான எரிபொருள் ஊத்திக் கொளுத்துவாங்க, பர்ன் பிட்னு பேரு. ஈராக்ல இருந்த பலாட் முகாம்ல அது சுமார் 10 ஏக்கர், ராத்திரி பகலா புகை, பக்கத்துலயே தூங்குறாங்க. 2007ல இருந்து 2020 வரைக்கும் இதுக்குன்னு க்ளெய்ம் போட்ட சுமார் 12,500 பேர்ல 2,800 சொச்சம் பேருக்குத்தான் கிடைச்சுது. மத்தவங்களுக்கெல்லாம் ஆதாரம் பத்தாதுன்னு பதில், பள்ளத்தத் தோண்டிக் கொளுத்துனதே ராணுவம்தான், அப்புறம் என்னங்க ஆதாரம்!

இவங்களுக்கும் பிரிசம்ப்ஷன் கொடுக்க வந்த பில் 2022 ஜூலையில செனட்ல நின்னு போச்சு, முன்னாள் வீரர்கள் நாடாளுமன்றப் படிக்கட்டுலயே படுத்துக் கிடந்தாங்க. ஆகஸ்ட் 2ந் தேதி 86க்கு 11ன்னு பாஸ் ஆச்சு, 10ந் தேதி பைடன் கையெழுத்து போட்டாரு. பேக்ட் சட்டம்னு சொல்றது இதைத்தான், நுரையீரல் கேன்சர்ல இறந்த ஹீத் ராபின்சன்ங்கிற ஒஹாயோ வீரரோட பேர்ல வந்தது. இருபதுக்கு மேல நோய்கள் சேர்ந்துச்சு, மூளை, சுவாச, வயித்துக் கேன்சர்கள், ஆஸ்துமா எல்லாம் வருது. ஈராக், குவைத், சவுதி மாதிரி இடங்கள்ல 1990 ஆகஸ்ட் 2க்கு அப்புறம் இருந்தவங்க, ஆப்கானிஸ்தான், சிரியா மாதிரி இடங்கள்ல 2001 செப்டம்பர் 11க்கு அப்புறம் இருந்தவங்க எல்லாரும் இதுல வருவாங்க. வியட்நாம்காலத்து ஆளுங்களுக்கு ரத்த அழுத்தமும் லிஸ்ட்ல சேர்ந்துச்சு, தாய்லாந்துல, குவாம்ல இருந்தவங்களுக்கும் கதவு திறந்துச்சு. 2025 ஜனவரியில பர்ன் பிட் லிஸ்ட்ல ரத்தப் புற்றுநோய்களையும் சேத்தாங்க.

உங்க சொந்தத்துலயோ தெரிஞ்சவங்கள்லயோ அமெரிக்க ராணுவத்துல இருந்தவங்க இருந்தா இதச் சொல்லுங்க. ஒரு தடவை தள்ளுபடி ஆயிடுச்சுன்னு விட்ராதீங்க, சட்டம் மாறினதால சப்ளிமென்டல் க்ளெய்ம்னு திரும்பப் போடலாம். பேப்பர் இன்னும் ரெடி இல்லன்னா 'இன்டென்ட் டு ஃபைல்'னு முதல்ல ஒண்ணு பதிஞ்சிடுங்க, ஒரு வருஷம் டைம் கிடைக்கும், அதுக்குள்ள முழு க்ளெய்ம் போட்டு பாஸ் ஆச்சுன்னா பதிஞ்ச தேதியில இருந்தே கணக்கு வெக்கலாம். வி.ஏ. அங்கீகாரம் பெத்த வெட்டரன் சங்கங்கள் இதுக்கு ஃப்ரீயாவே உதவி பண்றாங்க, முதல் க்ளெய்ம் போட்டுத் தர காசு கேக்குறவன நம்பாதீங்க, அதுக்குக் காசு வாங்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. க்ளெய்ம் போட்டு தள்ளுபடி ஆகியே ஆளு போயிருந்தாலும், இறப்புக்குக் காரணம் லிஸ்ட்ல உள்ள நோயா இருந்தா மனைவியோ கணவரோ இப்பவும் அவங்களுக்கான மாத உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.