விழத் தெரிந்தவர்களின் சண்டை

டிவியில் ரெஸ்லிங் பார்க்கும் பையனிடம் “எல்லாம் செட்டப்புடா” என்று சொல்ல வீட்டுக்கு ஒருவர் இருப்பார். அவர் சொல்வதில் தப்பில்லை. யார் ஜெயிப்பது என்பது மேடை ஏறும் முன்பே முடிவாகிவிடுகிறது. ஆனால் 120 கிலோ ஆளைத் தூக்கிப் போட்டால் அவர் கீழே வரும் வேகத்தை யாரும் செட்டப் செய்ய முடியாது. அதைச் சமாளிப்பதுதான் இந்தத் தொழிலின் வித்தை.

முதலில் சண்டை மேடையான ரிங்கைப் பார்ப்போம். இரும்புச் சட்டம், குறுக்கே உத்திரங்கள், அவற்றின்மேல் மரப்பலகைகள், அப்புறம் மெல்லிய ஃபோம், எல்லாவற்றையும் மூடி இழுத்துக் கட்டிய கேன்வாஸ். மெத்தை மாதிரி ஒன்றும் கிடையாது. ஆனால் பலகைகள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடம்பு தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். அந்த வேகம் அரை சென்டிமீட்டருக்குள் நின்றாக வேண்டுமென்றால், உடல் எடையைப்போல் சராசரியாக 400 மடங்கு விசை தாக்கும். 5 சென்டிமீட்டர் தூரம் கிடைத்தால் அது 40 மடங்காகக் குறைந்துவிடும். சிமென்ட் தரைக்கும் ரிங்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தவிர, பலகைக்குக் கீழே வெறும் காற்று என்பதால் ரிங் மேளம்போல அதிரும். போதாததற்கு அடியில் மைக் வைப்பதும் உண்டு.

மீதி வேலை விழுகிறவருடையது. பயிற்சியில் முதல் பாடமே விழுவதுதான், ‘பம்ப்’ என்பார்கள். முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு நின்றபிறகும் தலை மட்டும் பின்னால் போய் மோதும். முதுகின் மேல்பாகம் முழுக்க ஒரே சமயத்தில் தரையில் பட வேண்டும், அந்த நேரத்தில் மூச்சு வெளியே போக வேண்டும். கையை ஊன்றவே கூடாது. பயத்தில் கை தானாகப் பின்னால் போகும். போனால் மணிக்கட்டு காலி. அதற்குப் பதிலாக இரண்டு கைகளையும் விரித்து, உள்ளங்கையால் கேன்வாஸில் ஓங்கி அறைவார்கள். தாக்கம் பரந்த இடத்தில் பிரிந்துபோகும், சத்தமும் நன்றாகக் கேட்கும். இவ்வளவு செய்தாலும் வலிக்கும். வருடக்கணக்கில் விழுந்த கழுத்தும் முழங்காலும் கடைசியில் கணக்குக் கேட்கத்தான் செய்யும்.

தூக்குவதிலும் எதிரிகள் இருவரும் கூட்டாளிகள்தான். ஆளைத் தூக்கி முதுகு படக் கீழே போடும் பாடி ஸ்லாமில், தூக்கப்படுபவரே காலை உந்தி எம்புவார், எதிராளியின் தொடையில் கை ஊன்றித் தன் எடையில் கொஞ்சத்தைத் தாங்கிக்கொள்வார். ஒத்துழைக்காத ஆளை அவ்வளவு அழகாகத் தலைகீழாக்க முடியாது. அடுத்து என்ன செய்வது என்பதைக் கழுத்துப் பிடியில் முகத்தை மறைத்துக்கொண்டு காதில் சொல்லிவிடுவார்கள். குத்து விழும்போது கேட்கும் சத்தம் பல நேரம் காலால் மேடையை மிதிக்கும் சத்தம். நெஞ்சில் விழும் அறை மட்டும் அசல். சிவந்த தோலே சாட்சி. யாருக்காவது நிஜமாகவே அடிபட்டுவிட்டால் ரெஃப்ரி தலைக்கு மேல் கைகளைப் பெருக்கல் குறியாக்கிக் காட்டுவார்.

எதற்கு இந்த நாடகம்? உண்மையான மல்யுத்தம், பழகாத கண்ணுக்கு அலுப்பானது. 1908-இல் சிகாகோவில் ஃபிராங்க் காட்ச்சும் ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட்டும் மோதியது சுமார் இரண்டு மணி நேரம். பெரும்பகுதி நின்றபடியே ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளியதுதான். 1920-களில் மல்யுத்த வீரர் எட் ‘ஸ்ட்ராங்லர்’ லூயிஸ், அவருடைய மேனேஜர் பில்லி சாண்டோ, இன்னொரு மல்யுத்த வீரர் டூட்ஸ் மாண்ட் மூவரும் சேர்ந்து ஆட்டத்துக்கு நேர வரம்பு வைத்தார்கள், கண்ணைப் பறிக்கும் அடிகளைப் புகுத்தினார்கள். வெற்றி தோல்வியைக் கதையாகத் திட்டமிட்டார்கள்.

டிவி வந்ததும் உடம்பைவிட முகம் முக்கியமாகிவிட்டது. கார்ஜியஸ் ஜார்ஜ் என்பவர் தலைமுடியை வெளுத்துச் சுருட்டிக்கொண்டு, பளபளக்கும் அங்கியோடு வருவார். உதவியாள் ரிங்கில் சென்ட் அடித்த பிறகுதான் சண்டை. அவர் தோற்பதைப் பார்க்கவே ஜனங்கள் காசு கொடுத்தார்கள். 1961-இல் லாஸ் வேகாஸில் இவரைக் கவனித்த ஓர் இளம் குத்துச்சண்டை வீரர், தற்பெருமை பேசினால் அரங்கு நிறையும் என்று கற்றுக்கொண்டார். அவர்தான் பின்னாளில் முகமது அலி. என்னைக் கேட்டால் ரெஸ்லிங்கின் உயிர்நாடி வில்லன்தான். நல்லவனுக்குக் கைதட்டுகிறவர்களைவிட, கெட்டவன் மண்ணைக் கவ்வ வேண்டும் என்று காத்திருப்பவர்கள்தான் அடுத்த வாரமும் வருவார்கள்.

ரகசியத்தை உடைத்ததும் ரசிகர்கள் அல்ல. 1989-இல் நியூ ஜெர்சியில், விளையாட்டுப் போட்டிகளுக்கான வரியும் கட்டுப்பாடும் வேண்டாம் என்பதற்காக, ரெஸ்லிங் நடத்தும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) நிறுவனமே இது பொழுதுபோக்குதான் என்று ஒப்புக்கொண்டது. கூட்டம் குறையவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் ரெஸ்லர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டு சீட்டுகளில் உயரமும் எடையும் மனப்பாடம் செய்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

திட்டம் தவறுவதும் உண்டு. 1998 ஜூனில் பிட்ஸ்பர்க்கில், இரும்புக் கூண்டின் உச்சியிலிருந்து மிக் ஃபோலி என்ற வீரரை எதிராளி அண்டர்டேக்கர் தள்ளிவிட்டார். சுமார் 16 அடி. வர்ணனையாளர் மேசை நொறுங்கித் தாக்கத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டது. இதுவரை திட்டம். ஸ்ட்ரெச்சரிலிருந்து எழுந்து ஃபோலி மறுபடி மேலே ஏறினார். இந்த முறை கூண்டின் கூரையே பிய்ந்து, நேராக ரிங்கில் விழுந்தார். கூடவே ஒரு நாற்காலியும் அவர் முகத்தில் விழுந்தது. பல் உடைந்தது, நினைவு தப்பியது. எழுந்து ஆட்டத்தை முடித்துத்தான் போனார். ஜெயித்தது, ஏற்கெனவே முடிவு செய்திருந்தபடி, அண்டர்டேக்கர்.