அட்டையைக் காட்டினேன், சோதனையே செய்யவில்லை

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அலுவலகத்தைப் பூட்டிவிட்டுக் கிளம்பும் நேரத்தில் ஒருவர் அழைத்தார். டாலஸ் பக்கம் இர்விங்கில் இருப்பவர். கிரீன் கார்டு வாங்கிப் பல வருடம் ஆகிறது. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது.

“மேடம், போன மாசம் ஒரு பிஸ்டல் வாங்கினேன். எல்டிசி அட்டையைக் காட்டினேன், கொஞ்ச நேரத்துல கையில கொடுத்துட்டாங்க. பேக்ரவுண்ட் செக்கே பண்ணலை. இப்ப என் மனைவியோட வக்கீல் அதைப் பெரிசாக்கறாங்க. அரசாங்கம் கொடுத்த அட்டைதானே, இதுல என் தப்பு என்ன?”

எல்டிசி என்பது கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாட டெக்ஸாஸ் மாநிலம் கொடுக்கும் லைசென்ஸ். அவர் மேல், துப்பாக்கி வாங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே குடும்ப வன்முறைப் பாதுகாப்பு உத்தரவு ஒன்று பிறப்பிக்கப்பட்டிருந்தது. உத்தரவின் நகலை அனுப்பச் சொல்லி, அவர் தொலைபேசியில் காத்திருக்கும்போதே படித்தேன். அவருடைய கைத்துப்பாக்கி லைசென்ஸ் நிறுத்திவைக்கப்படுகிறது என்று அதில் தெளிவாக ஒரு வரி இருந்தது. அவர் அந்த வரியைப் படித்திருக்கவே இல்லை. பர்ஸில் அட்டை அப்படியே இருந்தது, அட்டையில் போட்டிருந்த காலாவதித் தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. கடைக்காரர் பார்த்ததும் அந்த அட்டையை மட்டும்தான்.

(அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

டெக்ஸாஸில் குடும்ப வழக்குகளும் குற்ற வழக்குகளும் நடத்துகிற வக்கீல் என்ற முறையில், அட்டை இருந்தால் சோதனை கிடையாது என்ற பேச்சை நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கிறேன். பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாததால்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் இந்தச் சோதனை என்பது என்ன? 1981-ல் அதிபர் ரீகனைச் சுட்டபோது அவருடைய செய்திச் செயலர் ஜேம்ஸ் பிராடியின் தலையில் குண்டு பாய்ந்தது. பிழைத்தாலும், பழையபடி நடமாட முடியாமல் போனது. அவர் பெயரில் 1993-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 1998 நவம்பர் 30 முதல் துப்பாக்கி வாங்குகிறவர் மேல் தடை ஏதும் இருக்கிறதா என்று பார்க்க, எஃப்பிஐ ‘நிக்ஸ்’ என்ற கணினி முறையை நடத்துகிறது. மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்கில் இருக்கிறது அதன் மையம். உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்கும்போது ஃபார்ம் 4473-ஐ நீங்கள் நிரப்புவீர்கள். கடைக்காரர் உங்கள் விவரத்தை நிக்ஸுக்கு அனுப்புவார். சில மாநிலங்களில் மாநிலக் காவல் துறை வழியாகப் போகும். வரும் பதில் மூன்றில் ஒன்று: கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது, தாமதம்.

தாமதம் என்று வந்து, மூன்று வேலை நாள் கடந்தும் முடிவு வரவில்லை என்றால், கூட்டாட்சிச் சட்டப்படி கடைக்காரர் விரும்பினால் துப்பாக்கியைக் கொடுக்கலாம். 2015-ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவனுக்குத் துப்பாக்கி கிடைத்தது இப்படித்தான். அவன் மீதிருந்த போதைப்பொருள் வழக்கின் விவரம் எந்தக் காவல் நிலையத்தில் இருக்கிறது என்ற குழப்பத்தில், கெடு தாண்டிவிட்டது. அவனால் வாங்க முடிந்திருக்கவே கூடாது என்று எஃப்பிஐ இயக்குநரே பிறகு ஒப்புக்கொண்டார்.

சரி, இதில் அட்டை எங்கே வருகிறது?

பிராடி சட்டத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது. மாநிலம் கொடுத்த அனுமதி ஒன்று உங்களிடம் இருந்தால், கடையில் நிக்ஸ் சோதனை செய்யாமலே விற்கலாம். ஆனால் அந்த அனுமதி, துப்பாக்கி வாங்குகிற அதே மாநிலம் கொடுத்ததாக இருக்க வேண்டும். கொடுத்து ஐந்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது. அந்த மாநிலம் நிக்ஸ் உட்பட எல்லாச் சோதனையும் செய்து பார்த்த பிறகுதான் அனுமதி தருகிறது என்பது அதன் சட்டத்திலேயே இருக்க வேண்டும். ஐந்து வருடக் கணக்கு அட்டை வழங்கப்பட்ட தேதியிலிருந்து ஓடுகிறது. சில மாநிலங்கள் ஐந்து வருடத்துக்கு மேலும், வாழ்நாள் முழுக்கவும் செல்லும் அட்டைகள் கொடுக்கின்றன. அவற்றில் காலாவதித் தேதியைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

ஆக, அட்டை உள்ளவருக்குச் சோதனையே நடக்கவில்லை என்பது தவறு. அட்டை வாங்கிய அன்று நடந்துவிட்டது. கடையில் நீங்கள் நீட்டுவது, என்றைக்கோ நடந்த அந்தச் சோதனையின் ரசீது. அதற்குப் பிறகு உங்கள் வாழ்க்கையில் நடந்தது எதுவும் அந்த ரசீதில் இருக்காது.

எந்த மாநில அட்டை இந்த விலக்குக்குப் பொருந்தும் என்பதை, துப்பாக்கிக் கடைகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சித் துறையான ஏடிஎஃப் பட்டியலிட்டு வெளியிடுகிறது. டெக்ஸாஸ், ஜார்ஜியா, வட கரோலினா அட்டைகள் பொருந்தும். டென்னஸியில் அட்டை இருந்தாலும் மாநிலப் புலனாய்வுத் துறை வழியாகச் சோதனை நடக்கும். ஃப்ளோரிடாவில் அட்டை இருந்தால் கைத்துப்பாக்கிக்கான மூன்று நாள் காத்திருப்பு கிடையாது, ஆனால் சோதனை உண்டு. அங்கிருந்து வந்த ஒருவர் இரண்டையும் ஒன்றாக நினைத்து என்னிடம் வெகு நேரம் வாதாடினார். கலிஃபோர்னியாவில் எந்த அட்டை இருந்தாலும் பத்து நாள் காத்திருக்க வேண்டியதுதான்.

பட்டியல் மாறவும் செய்யும். அலபாமாவில் சில ஷெரிஃப் அலுவலகங்கள் சோதனையை முழுதாக முடிக்காமலே அட்டை வழங்கியது தெரியவந்து, 2019 ஜூலையில் அந்த மாநில அட்டையை இனி ஏற்க வேண்டாம் என்று ஏடிஎஃப் கடைகளுக்கு எழுதியது. 2020 மார்ச்சில் மிஷிகனுக்கும் அதே கதி. ரசீதை நம்பலாமா என்பது அதைக் கொடுத்தவர் உண்மையிலேயே சோதித்தாரா என்பதைப் பொறுத்தது, இல்லையா?

வேலை மாறி மாநிலம் மாறுகிறவர்கள் நம்மில் நிறைய. அட்லாண்டாவில் வாங்கிய ஜார்ஜியா அட்டையைக் காட்டி டெக்ஸாஸின் ஃபிரிஸ்கோ கடையில் வாங்க வந்தால் சோதனை இல்லாமல் கிடைக்காது. டெக்ஸாஸ் அட்டை வாங்கும் வரை மற்றவர்களைப் போல நிக்ஸ் வழியாகத்தான் போக வேண்டும்.

2021 செப்டம்பர் முதல் டெக்ஸாஸில், சட்டப்படி தடையில்லாத 21 வயது நிரம்பியவர்கள் அட்டை இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். பிறகும் பலர் எல்டிசி எடுப்பதற்குக் கடையில் கிடைக்கும் இந்த விலக்கும் ஒரு காரணம். தனியாருக்குள் விற்கும்போதுகூட, “எல்டிசி இருந்தா காட்டுங்க” என்று கேட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதிதான் எனக்குக் கவலை.

இர்விங்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அட்டையைக் காட்டினாலும் ஃபார்ம் 4473-ஐ முழுதாக நிரப்பிக் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். அதிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. துணைவரை மிரட்டவோ துன்புறுத்தவோ கூடாது என்று நீதிமன்ற உத்தரவு உங்கள் மேல் இருக்கிறதா என்று அதில் நேரடியாகக் கேட்கிறார்கள். அவர் ‘இல்லை’ என்று குறித்திருந்தார். நோட்டீஸ் கொடுத்து, விசாரணையில் பேச வாய்ப்பும் கொடுத்துப் பிறப்பித்த உத்தரவு அது. அது இருக்கும்போது துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம், 15 வருடம் வரை சிறை. தெரிந்தே ஃபார்மில் பொய் சொல்வது தனிக் குற்றம், 10 வருடம் வரை. கிரீன் கார்டு உள்ளவர் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் நாடு கடத்தப்படலாம் என்பதையும் அன்றைக்கே அவரிடம் சொன்னேன். நெடுநேரம் அவர் பேசவில்லை.

இந்தத் தடை செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ரஹீமி என்ற டெக்ஸாஸ்காரர் வழக்கு. அவர் மீதான பாதுகாப்பு உத்தரவும் அவருடைய துப்பாக்கி லைசென்ஸை நிறுத்திவைத்திருந்தது. 2024 ஜூனில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், தடை செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

கஞ்சாவும் இப்படி மாட்டிவிடுகிற ஒன்று. உங்கள் மாநிலத்தில் அது சட்டப்படி சரியாக இருக்கலாம். கூட்டாட்சிச் சட்டப்படி அது வேறு, மாநிலச் சட்டம் உங்களைக் காப்பாற்றாது என்று ஃபார்மிலேயே எச்சரிக்கை அச்சடித்திருக்கிறார்கள். போதைப்பொருள் பயன்படுத்துவதில்லை என்று இதே ஃபார்மில் குறித்ததற்காகத்தான் அப்போதைய அதிபர் பைடனின் மகன் ஹண்டர் பைடன் 2024-ல் குற்றவாளி என்று தீர்ப்பானது. பிறகு அப்பாவே மன்னிப்பு வழங்கினார். நம் யாருக்கும் அப்படி ஒரு அப்பா இல்லை.

இன்னொருவருக்காக வாங்கிக்கொடுப்பதும் ஆபத்து. வர்ஜீனியாவில் முன்னாள் போலீஸ்காரர் அப்ராம்ஸ்கி, தனக்குக் கிடைக்கும் தள்ளுபடியில் உறவினர் ஒருவருக்காக ஒரு கிளாக் கைத்துப்பாக்கி வாங்கினார். பணம் உறவினருடையது. இருவருமே சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதியானவர்கள். ஆனால் வாங்குவது எனக்காக என்று ஃபார்மில் குறித்தது பொய் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. “என்கிட்ட அட்டை இருக்கு, சீக்கிரம் கிடைக்கும், உனக்கும் சேர்த்து வாங்கித் தர்றேன்” என்று நண்பரிடம் பணம் வாங்காதீர்கள். சொந்தப் பணத்தில் வாங்கி, தடை எதுவும் இல்லாத ஒருவருக்குப் பரிசாகக் கொடுப்பது வேறு விஷயம்.

எச்1பி, எஃப்1 விசாக்களில் இருப்பவர்களுக்கு அட்டை பற்றிய பேச்சுக்கே இடமில்லை. குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி வாங்குவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம். அமெரிக்க வேட்டை லைசென்ஸ் போன்ற ஒருசில விலக்குகள்தான் உண்டு. லாங் வீக்கெண்டில் நண்பர்களோடு சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியை எடுக்கிறீர்களே, அதுவும் இதில் அடங்கும். ஃப்ளோரிடாவில் ரெஹாயிஃப் என்ற மாணவர் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட பிறகும் நாட்டிலேயே தங்கி, பயிற்சிக் கூடத்தில் சுட்டதற்காகச் சிறைத் தண்டனை பெற்றார். தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைச் சொல்ல வைக்க அவர் எத்தனை வருடம் போராடினார் என்பதை யோசியுங்கள். ஒரு படம் எடுத்துப் போடுவதற்காக இந்த ஆபத்து வேண்டாம், தம்பி.

கிரீன் கார்டு, குடியுரிமை உள்ளவர்களுக்குப் பெயர்தான் தொல்லை. அப்பா பெயர் ஓர் ஆவணத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால். சிலருக்கு ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியாது) என்பதே முதல் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபார்மில் எழுதும் பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் கடையிலேயே நின்றுவிடும். வேறு யாருடைய பதிவோடோ உங்கள் பெயர் ஒத்துப்போய் ஒவ்வொரு முறையும் தாமதம் என்று வந்தால், எஃப்பிஐயிடம் விண்ணப்பித்துத் தனி எண் ஒன்று பெறலாம். அடுத்த முறை ஃபார்மில் அந்த எண்ணை எழுதினால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது. அட்டை எடுத்தால் பெயர்ச் சிக்கல் தீரும் என்று நினைப்பவர்கள், அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதும் இதே சோதனைதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இர்விங்காரரின் வழக்கு இன்னும் முடியவில்லை. துப்பாக்கி இப்போது அவர் கையில் இல்லை. ஆனால் இதை எழுத உட்கார்ந்தது அவருக்காக மட்டும் அல்ல. பாதுகாப்பு உத்தரவு வந்துவிட்டது, இனி அவரால் துப்பாக்கி வாங்க முடியாது என்று நம்பித்தான் அவர் மனைவி இரவில் தூங்கியிருக்கிறார். நிக்ஸ் சோதனை நடந்திருந்தால், உத்தரவு கணினியில் ஏறியிருந்த பட்சத்தில் விற்பனை நின்றிருக்கும். அட்டை அந்தச் சோதனையைத் தாண்ட வைத்துவிட்டது.

அதனால் உத்தரவு கேட்டுப் போகும் பெண்களுக்குச் சொல்கிறேன். கணவரிடம் எல்டிசி இருக்கிறது என்பதை உங்கள் வக்கீலிடமும் நீதிமன்றத்திலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். குடும்ப வன்முறை செய்தார் என்று தீர்மானித்துப் பாதுகாப்பு உத்தரவு போடும்போது, டெக்ஸாஸ் நீதிமன்றம் லைசென்ஸை நிறுத்திவைக்க வேண்டும் என்பது சட்டம். உத்தரவு கைக்கு வந்ததும் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். கணினியில் ஏற்றிவிட்டார்களா என்று கிளார்க் அலுவலகத்தில் விசாரியுங்கள். அப்புறம், அந்த அட்டை யாரிடம் இருக்கிறது என்று உங்கள் வக்கீலைக் கேளுங்கள். அவர் பர்ஸிலேயே இருக்கிறது என்றால், அதை வாங்கச் சொல்லுங்கள்.